அப்பா காட்டிய சாம்பிள்

எங்கள் தெருவுக்கு இலவசமாக ஒன்று வந்தால், கடைசியில் எதை விற்கப்போகிறார்கள் என்றுதான் முதலில் யோசிப்போம். சில வருடங்களுக்கு முன் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு ஹாலைப் பிடித்து, முதுகுவலிக்கு இலவச வைத்தியம் என்றார்கள். வயதானவர்களைச் சூடான கட்டிலில் படுக்கவைத்தார்கள். கை தட்டச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், வார்த்தைக்கு வார்த்தை அம்மா அப்பா என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் அந்த ஹாலே கதி என்று ஆன பிறகு கட்டிலின் விலையைச் சொன்னார்கள். எங்கள் எதிர் வீட்டு அக்கா வாங்கினார். அந்தக் கட்டில் இப்போதும் அவர் வீட்டில் இருக்கிறது. துவைத்த துணியை மடித்து அதன்மேல்தான் அடுக்குகிறார்.

அதனால், முதியவர்களுக்கு இலவச நாடகப் பயிற்சி என்று ஒரு நோட்டீஸை அப்பா கொண்டுவந்து காட்டியபோது எனக்கு அந்தக் கட்டில்தான் கண்ணில் வந்து நின்றது.

"நாடகமெல்லாம் எதுக்குங்கப்பா?"

"சும்மா போய்ப் பாத்துட்டு வாரேன் கண்ணு."

"யாரு நடத்தறாங்க?"

"ஒரு பொண்ணு. தின்னவேலிப் பக்கமாட்ட இருக்குது, பேச்சப் பாத்தா."

"காசு?"

"இல்லையாமா."

"அப்பறம் அவங்களுக்கு என்னங்க லாபம்?"

"அதான் எனக்கும் தெரீல. தெரிஞ்சா வந்து சொல்றேன்."

அம்மா இறந்தபிறகு அப்பா ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். அதனால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மேஜைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, பேட்டர்ன் வைத்துக் கோடு போட்டு வெட்டுவது அவர் வேலை. வயதானதும் நின்றுகொண்டார். அம்மா இருக்கும்வரை வீட்டில் ஏதாவது வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா போனபின் காலையில் டீயைக் குடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். தட்டில் போட்டால் சாப்பிடுவார். பசிக்கிறதா என்றால் "ம்", போதுமா என்றாலும் "ம்". நாற்காலியை விட்டு எழுந்திருக்க, கைப்பிடியை அழுத்தி ஒரு முறை முயன்று, விழுந்து, மறுபடி முயல்வார். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல் என்றார். "நாலு பேரோட பழகச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கே நாலு பேரோடு பழக வராது. நான் எங்கே அவருக்குச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. எனக்கும் அன்றுதான் லீவு. அருள்புரத்தில் ஒரு கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருக்கிறேன். முதல் வாரம் அப்பாவை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டுத் திரும்பவில்லை. அது ஒரு பனியன் கம்பெனியின் பழைய குடோன். அட்டைப் பெட்டிகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு நடுவில் இடம் பண்ணியிருந்தார்கள். வாசலில் செருப்பைத் தேடுகிறவள்போல நின்றுகொண்டு, உள்ளே எங்கே பொருளை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மருந்து டப்பாவோ செருப்போ மெத்தையோ, ஒன்றும் கண்ணில் படவில்லை.

பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்றார்கள். சொல்லிக்கொடுக்கும் பெண் கையில் பந்து இருப்பதுபோல் பாவனை செய்து ஒருவரிடம் எறிந்தாள். அவர் பிடித்து அடுத்தவருக்கு எறிய வேண்டும். அந்தக் கம்பெனி முதலாளியின் அம்மாவும் அங்கே இருந்தார். அவர் எறிந்த பந்து அப்பாவிடம் வந்தது. அப்பா கையைத் தூக்கவே இல்லை. சற்று யோசித்துவிட்டு, குனிந்து, இல்லாத கட்டிங் மேஜைக்கு அடியில் தேட ஆரம்பித்தார்.

"மாஸ்டரு, பந்து அங்க இல்லீங்க, மிஷினுக்கு அடியில போயிருச்சு!" என்று ஒரு பெரியவர் கத்தினார். அவர் ரிட்டையரான டெய்லர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா இல்லாத பந்தை எடுத்து, இல்லாத தூசியைத் தட்டி, டெய்லரின் முகத்தைப் பார்த்து எறிந்தார். டெய்லர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில்காரர்களும் முதலில் இப்படித்தான் சிரிக்கவைத்தார்கள்.

வாரங்கள் போயின. அப்பா நாற்காலியிலிருந்து ஒரே முயற்சியில் எழுந்தார். இன்னொரு தோசை கேட்டார். கேட்காமலேயே சவரம் செய்துகொண்டார். யாருக்காக என்று அதையும் சந்தேகப்பட்டேன். குளியலறையில் உரக்கப் பேசுவது தெருவரைக்கும் கேட்டது. தொண்டையிலிருந்து பேசக்கூடாது, வயிற்றிலிருந்து பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்காட்டினார். எதை விற்கிறார்கள் என்று ஒவ்வொரு வாரமும் கேட்டேன். "இன்னும் சொல்லுல கண்ணு" என்று அவரும் சளைக்காமல் பதில் சொன்னார்.

அந்தக் கூட்டம் நாடகத்தை எக்ஸ்போர்ட் ஆர்டர் மாதிரியே நடத்திக்கொண்டிருந்தது. மேடையேறும் நாளுக்கு ஷிப்மெண்ட் தேதி என்று பெயர். யாராவது வசனத்தை மறந்தால் டெய்லர் "ரிஜெக்ட், ரிஜெக்ட்" என்று கத்துவாராம். ஆர்டரை முன்நின்று முடித்துக்கொடுப்பவர் என்ற கணக்கில் அந்தப் பெண்ணை மெர்ச்சண்டைசர் என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அது வேறு மாதிரி நடந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நடித்துக்காட்ட வேண்டும். இதை அப்பா சொன்ன அன்று, நீங்கள் எதை எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காங்கேயத்துப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவருக்கு ஏற்கனவே வேறொரு குடும்பம் இருந்தது எனக்குக் கொஞ்ச நாளில் தெரிந்துபோயிற்று. ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் வாசலுக்கு வரவும் எதிர் வீட்டு அக்கா வெளியே வரவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளை வரவில்லையா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா யோசிக்காமல், மாப்பிள்ளை பாம்பேக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்றார்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஒரு பதிலை வைத்துத்தான் நாங்கள் குடித்தனம் நடத்தினோம். பாம்பேயில் இருந்தவர் பிறகு துபாய்க்குப் போனார். அனுப்பிவைத்தது அம்மா. துபாயில் லீவு கிடைப்பது கஷ்டம் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். தீபாவளிக்குத் தீபாவளி அக்கா கேட்பார், இந்த வருசமாச்சும் வருவாருங்களா என்று. லீவு இல்லீங்க என்பேன். கம்பெனியிலும் அதே கதைதான். தாலியைக் கழற்றவில்லை. கழற்றினால் கேட்பார்கள். யாராவது துபாயிலிருந்து வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால், அவர் இருக்கும் விசேஷத்துக்கு நான் போகமாட்டேன். கூச்ச சுபாவம் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் கூச்சம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, பரண்மேல் கிடந்த அந்தப் பையை அப்பா இறக்கி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வந்த அன்று கொண்டுவந்த பை.

"அது எதுக்குங்கப்பா?"

"நாடகத்துக்கு."

"வேற பை இல்லீங்களா ஊட்ல?"

"இதுதான் வேணும்."

என் முகத்தைப் பார்க்காமல் ஜிப்பைத் துடைத்தார். நாடகம் பார்க்க எல்லா வீட்டு ஆட்களும் வருவார்கள். எதிர் வீட்டு அக்காவை அப்பாவே அழைத்திருந்தார். அவர் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்.

"நம்ம ஊட்டு விசயத்தைக் கொண்டுபோயி மேடையில ஏத்தாதீங்க, சொல்லிப்போட்டேன்."

"நீ ஓகே சொல்லாம நான் ஒண்ணும் பண்ணமாட்டேன் சாமி."

அவ்வளவுதான் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்வதாக நினைத்தேன். அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் என் கண் துணியில் நிற்கவில்லை. ஓட்டை விழுந்த பீஸ் எல்லாம் என் கையைத் தாண்டிப் போய் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். அப்பாவை ஊருக்கு அனுப்பிவிடலாமா, நாடகத்தன்று எனக்குக் காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, வார ஞாயித்துக்கெழம கொஞ்சம் வந்துட்டுப் போவியளா? நீங்க மட்டும் வந்தாப் போதும்."

"எதுக்குங்க?"

"போன்ல சொன்னா நல்லாருக்காதுக்கா. நேர்ல வாங்களேன்."

ஆக, விலை சொல்லும் நாள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

குடோனுக்குப் போனபோது தரை கூட்டியிருந்தது. நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் ஸ்டூல், அதன்மேல் தண்ணீர் பாட்டில், தட்டில் பிஸ்கட். கம்பெனிகளில் வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது இப்படித்தான் வைப்பார்கள்.

"பையர் வந்தாச்சு, பையர் வந்தாச்சு!" என்று டெய்லர் சத்தம் போட்டார்.

"நான் ஒண்ணும் வாங்க வரலீங்க" என்று வாசலிலேயே நின்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அந்தப் பெண் என்னை உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "அப்பா எங்ககிட்ட ஒரு கண்டிசன் போட்டுருக்காவக்கா. சாம்பிளுக்கு ஓகே வாங்காம துணியில கத்திரி வைக்கமாட்டேன்னுட்டாவ. இது உங்க கத. நீங்கதான் பாத்துச் சொல்லணும். வேண்டாம்னா இங்கனயே விட்டுருவோம். இவங்க யாரும் வெளிய பேசமாட்டாங்க."

கட்டிங்கில் இருந்தவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. பையர் சாம்பிளைப் பார்த்துச் சம்மதம் சொல்லும்வரை மாஸ்டர் துணி ரோலைப் பிரிக்கமாட்டார். முதலாளி அவசரப்படுத்தினாலும் மாட்டார். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. அப்பா அன்று சொன்ன ஓகே இதுதான் என்று அப்போது புரிந்தது. புரிந்ததும் எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. என்னைக் கேட்காமலேயே இத்தனை பேருக்குச் சொல்லியாகிவிட்டதே.

அதற்குள் அவர்கள் தொடங்கிவிட்டார்கள்.

முதலாளியின் அம்மா என் பையைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர்தான் நான். அப்பா அப்பாவாகவே நின்றார். டெய்லர் துண்டை முந்தானைபோலப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து வந்தார். எதிர் வீட்டு அக்காவின் நடை அப்படியே இருந்தது. அப்பா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"ஏனுங் மாஸ்டரு, அம்மிணி வந்திருக்குதாட்ட? மாப்பள வரலீங்களா?"

"மாப்பள பாம்பேக்கு வேலைக்குப் போயிட்டாருங்க" என்றார் அப்பா.

அந்தப் பெண் ஒருமுறை கை தட்டினாள். மூவரும் பழைய இடத்துக்குப் போனார்கள். மறுபடி முதலாளியின் அம்மா பையோடு வந்தார். மறுபடி டெய்லர் கேட்டார், மாப்பள வரலீங்களா.

இந்த முறை அப்பா வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தார். "இல்லீங்க. என்ற புள்ள மட்டும் வந்திருக்குது. அங்க செரியில்ல. இனி எங்கூட்லதான் இருக்கும்." பிறகு இரண்டு எட்டு வைத்துப் போய் அந்தப் பையைக் கையிலிருந்து வாங்கினார்.

உண்மையில் அன்று அப்பா என் பையை வாங்கவில்லை. பொய் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பை வாசற்படியில் கிடந்தது, அம்மா வந்து எடுக்கும்வரை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ. கோபம்தான் வந்தது. இத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறந்தது எனக்கே நம்ப முடியவில்லை.

"இது யாருக்காகப் பண்றீங்க? எனக்கா, உங்களுக்கா?"

அப்பா பையைக் கீழே வைக்காமல் நின்றார். "எனக்குத்தான் கண்ணு. உனக்காகன்னு சொன்னா அது இன்னொரு பொய்யாப் போயிரும்."

டெய்லர் துண்டை எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் போகவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. ஒன்று மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் அழுகலீங்க" என்றேன். "தலையைக் குனிஞ்சுட்டும் வரலீங்க. பஸ்ஸுல ஜன்னல் சீட்டு கிடைச்சுது. முறுக்கு வாங்கித் தின்னுட்டுத்தான் வந்தேன்."

முதலாளியின் அம்மா துள்ளிவிட்டார். "அப்படிச் சொல்லு அம்மிணி! எனக்கு அழுவறதே வரமாட்டீங்குதுன்னு இந்த மாஸ்டருகிட்ட எத்தன தடவ சொன்னேன்! அழுதே ஆவோணும்னு ஒரே புடி."

"புள்ள அழுவுதுன்னுதான் நான் நெனச்சேன்" என்றார் அப்பா.

"பாத்தீங்களா நீங்க? நீங்க கீழயே பாத்துட்டு நின்னீங்க."

"ஆமா" என்றார்.

டெய்லர் மெதுவாக, "கமெண்ட்ஸ் வந்திருச்சுங்க மாஸ்டரு" என்றார். சாம்பிளைப் பார்த்து பையர் சொல்லும் திருத்தத்துக்குக் கம்பெனியில் அதுதான் பெயர். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாற்றிவிட்டு இன்னொரு தரம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பிஸ்கட்டைத் தொடவில்லை.

போகும்போது வாசலில் அந்தப் பெண்ணைக் கேட்டேன், இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று. மழுப்பாமல் சொன்னாள். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டர் தரும்போது, ஊருக்கு என்ன நல்லது செய்கிறீர்கள் என்று கேட்கிறார்களாம். இந்த வகுப்பை முதலாளி போட்டோ எடுத்து அனுப்புகிறார், அவள் சம்பளம் அதிலிருந்து வருகிறது. ஆக, நான் சந்தேகப்பட்டது முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. ஏதோ ஒன்று விற்கத்தான் செய்தார்கள், எங்களுக்கு அல்ல. இதை அப்பாவிடம் சொன்னேன். "பரவால்ல, எனக்கு முட்டி வலி போயிருச்சு" என்றார்.

அடுத்த வாரம் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த முறை முதலாளியின் அம்மா நிமிர்ந்து நடந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே வந்தார். டெய்லர் கேள்வி கேட்டதும் அப்பா பையோடு நின்றவர் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகுதான் பதில் சொன்னார். நான் ஓகே சொல்ல ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று அந்தப் பெண் பிறகு கேட்டாள். இது மேடையேறினால், அதற்குப் பிறகு துபாயைப் பற்றி நான் தெரிந்துவைத்திருப்பதெல்லாம் எதற்கும் ஆகாது. அங்கே எப்போது வெயில், எப்போது நோன்பு, எந்த மாதம் லீவு தரமாட்டார்கள் என்று எல்லாம் மனப்பாடம். அதை விடுவதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. கடைசியில் தலையை ஆட்டினேன். டெய்லர் விசில் அடித்தார்.

நாடகத்தன்று குடோன் நிரம்பிவிட்டது. நான் பின்னால் தண்ணீர் டிரம்மை ஒட்டி நின்றுகொண்டேன். எதிர் வீட்டு அக்கா முன்வரிசையில் இருந்தார். டெய்லர் இடுப்பில் கை வைத்து வந்ததும் கூட்டம் கலகலத்தது. அக்காதான் அதிகமாகச் சிரித்தார். "மாப்பள வரலீங்களா" என்று கேட்டதும் அவர் சிரிப்பு நின்றது. அப்பா, என்ற புள்ள மட்டும் வந்திருக்குது என்று சொன்னார். குரல் பின்வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவின் சொந்தக்காரர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. குனியக்கூடாது என்று நானே அல்லவா திருத்தியிருந்தேன்.

முடிந்ததும் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். அக்கா டம்ளரோடு நேராக என்னிடம் வந்தார்.

"எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும் அம்மிணி. மனசு சங்கடப்படுமேன்னுதான் கேட்டுக்கல."

நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை. தெரிந்திருந்தால், வருடா வருடம் ஏன் என் முகத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்? தெரிந்தே கேட்டிருந்தால் அது இன்னும் மோசம். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அப்ப அவரு இப்ப எங்கதான் இருக்காரு?"

என்ன ஊர் சொல்லலாம் என்று மனம் பழக்கத்தில் தேட ஆரம்பித்தது.

"தெரியலீங்க" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.